கடை போடுவதற்கு முன்: வாசகர் கேள்வி - பதில்

(திறந்தவெளிக் கலைச் சந்தைக்கு விண்ணப்பிப்பது பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த இதழில். பதில் சொல்பவர் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் செய்பவர். சந்தைகளில் கடை போட்டவர், தேர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்தவர்.)

நிலக்காட்சி, உருவப்படம், அரூப ஓவியம், பென்சில் சித்திரம் எல்லாம் செய்வேன். விண்ணப்பத்தில் ஐந்து படங்கள் கேட்கிறார்கள். வகைக்கு ஒன்றாக அனுப்பினால் என் திறமை முழுவதும் தெரியும் அல்லவா அக்கா?
*– எல்லாம் வரைபவன்*

தெரியும். ஆனால் குழு அதைத் தேடவில்லை, அதுதான் சிக்கல்.

குழு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் அனுப்பிய படங்கள் எல்லாம் ஒரே வரிசையாகத் திரையில் வரும். பெயர் இருக்காது, ஓர் எண் இருக்கும். முதல் சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பது சில வினாடிகள்தான். அதற்குள் மதிப்பெண் போட்டாக வேண்டும். சில குழுக்களில் 1 முதல் 7 வரை மதிப்பெண் வைத்துவிட்டு நடுவில் இருக்கும் 4-ஐ மட்டும் எடுத்துவிடுவார்கள். 'பரவாயில்லை' என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் வழி இருக்கக் கூடாது என்பதற்காக.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து படங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. ஒரு சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்போம். சுவர் முழுக்க ஒரே கை தெரிந்தால் மதிப்பெண் தானாக ஏறும். ஐந்தும் ஐந்து பேர் வரைந்தவை போல இருந்தால், ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தாலும், 'இவர் சந்தைக்கு எதைக் கொண்டுவந்து மாட்டுவார்?' என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் 3, அல்லது 2.

ஆகவே ஒரு வகையை எடுங்கள். எதை எடுப்பது? உங்களுக்கு மிகவும் பிடித்ததை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் நிறைய இருக்கும் வகையை எடுங்கள். தேர்வானால் மூன்று மீட்டர் கடையின் மூன்று சுவர்களை அதே வகையால் நிரப்ப வேண்டும், விற்றுப்போன இடத்தில் மாட்ட இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும். அனுப்பிய படங்கள் ஒரு வகை, கடையில் தொங்குவது வேறு வகை என்றால் சந்தை நாளன்று இறக்கிவைக்கச் சொல்லும் அதிகாரம் அமைப்பாளர்களுக்கு உண்டு.

அப்புறம் வரிசை. பத்துப் பன்னிரண்டு படங்களைத் தீப்பெட்டி அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்பி நகர்த்திப் பாருங்கள். வலுவானது முதலிலும் கடைசியிலும் வரட்டும். இடது ஓரத்துப் படத்தில் ஓர் ஆள் இடதுபக்கம் பார்த்தால் கண் திரையை விட்டு வெளியே போய்விடும், வலதுபக்கம் பார்ப்பவரை அங்கே வையுங்கள். நடுவில் அடர்ந்த நிறம், ஓரங்களில் மெல்லிய நிறம் என்று வைத்தால் பெரும்பாலும் நிற்கும். ஐந்தில் ஒன்று மட்டும் சுமாராக இருக்கிறது, இருந்தும் உங்களுக்கு அதன்மேல் பாசம் என்றால், அதை எடுத்துவிடுங்கள். குழு நினைவில் வைத்துக்கொள்வது அதைத்தான்.

ஓவியங்களைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதுமா? அதற்கென்று புகைப்படக்காரரிடம் போக வேண்டுமா?
*– கணக்குப் பார்ப்பவள்*

தட்டையான ஓவியத்துக்குக் கைபேசி போதும். நகை, கண்ணாடி, பளபளக்கும் மண்கலம் என்றால் புகைப்படக்காரருக்குச் செலவு செய்யுங்கள், அந்தப் பளபளப்பை அடக்குவது தனி வித்தை.

கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெளியே திறந்த நிழலில் வையுங்கள். மரத்தடி நிழல் கூடாது, இலைப் பச்சை ஓவியத்தின் மேல் படியும். சிவப்புச் சுவருக்குப் பக்கத்திலும் அதே கதைதான். கேமராவின் கண் ஓவியத்தின் நட்ட நடுவுக்கு நேராக இருக்கட்டும். ஒட்டி நின்று எடுத்தால் ஓரங்கள் வளையும், இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். பிறகு ஓவியத்தின் விளிம்போடு வெட்டுங்கள், ஓவியத் தாங்கியின் காலோ விரலோ தெரியக் கூடாது.

கோப்பைச் சேமிக்கும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி-யாக (sRGB, சாதாரணத் திரைகளுக்கான அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னோர் அமைப்பில் அனுப்பினால் சில திரைகளில் நிறம் வெளுத்துப்போய்த் தெரியும். உங்கள் ஆரஞ்சு சோகை பிடித்த மாதிரி இருக்கும், ஏன் தேர்வாகவில்லை என்று நீங்கள் வருடக்கணக்கில் யோசிப்பீர்கள்.

ஐந்தாவது படமாகக் 'கடையின் படம்' கேட்கிறார்கள். இதுவரை நான் கடையே போட்டதில்லை. எங்கே போவது?
*– முதல் முறை விண்ணப்பிப்பவர்*

மொட்டை மாடிக்கு. அல்லது காலி இடம் எதுவாக இருந்தாலும். கூடாரத்தை இரவல் வாங்கி, ஒரு நாள் கடையை உண்மையாகவே கட்டிப் படம் எடுங்கள். இதை வெறும் சடங்காக நினைப்பவர்கள் அதிகம். என் அனுபவத்தில், மற்ற படங்கள் சமமாக இருக்கும் இருவரில் ஒருவரை உள்ளே விடுவது இந்தப் படம்தான்.

கூடாரத்தின் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பல சந்தைகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன, விதி இல்லாவிட்டாலும் வெள்ளையே வாங்குங்கள். நீலக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலில் எல்லா முகங்களும் மூச்சுத் திணறியவர்களைப் போல இருக்கும். சிவப்புக் கூரைக்குக் கீழே உங்கள் பச்சை வயல் பழுப்பாகிவிடும்.

சுவருக்குச் சாம்பல் அல்லது கறுப்புத் துணி போர்த்துங்கள், சுருக்கம் இல்லாமல். நீங்கள் நினைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஓவியம் மாட்டினால் போதும். மேசை போட்டால் விரிப்பு தரை வரை தொங்கட்டும், பெட்டிகள் அதற்குள்ளே. பெயர்ப்பலகை, விலைச்சீட்டு, நீங்கள், உங்கள் வீட்டார், நாற்காலியில் தொங்கும் கைப்பை எதுவும் படத்தில் வரக் கூடாது. பெயர் தெரியாமல் மதிப்பிடும் குழுவுக்குப் பெயர் தெரிந்துவிட்டால் சில இடங்களில் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடுவார்கள். முக்கியமாக, முதல் நான்கு படங்களில் இருக்கும் ஓவியங்களில் ஒன்றிரண்டாவது இந்தக் கடையில் தொங்கட்டும். இவர் சொன்னதைத்தான் செய்கிறார் என்ற நம்பிக்கை வரும்.

'கலைஞர் குறிப்பு' என்று நூறு சொல்லுக்குள் கேட்டிருந்தார்கள். இதை எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "என் படைப்புகள் இயற்கைக்கும் மனித மனத்துக்கும் இடையிலான ஆழமான உறவைத் தேடும் ஒரு முடிவற்ற பயணம்..."
*– தேடல்காரர்*

பயணத்தை நிறுத்துங்கள். இதைத் தச்சர் எழுதியிருக்கலாம், நாட்டியக்காரர் எழுதியிருக்கலாம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே இதில் இல்லை. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், எனக்காக இல்லாமல் சும்மா, ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பழைய துணிப்பைகளை வெட்டி ஒட்டி, அதன்மேல் கரித்துண்டால் வரைந்து, மேலே தேன்மெழுகு பூசுவதாக. அதுதான் குறிப்பு. இப்படி எழுதுங்கள்:

"பயன்படுத்திக் கிழிந்த துணிப்பைகளைப் பலகையில் ஒட்டுகிறேன். அதன்மேல் கரியால் மரங்களை வரைந்து, உருக்கிய தேன்மெழுகைப் பல அடுக்காகப் பூசுகிறேன். பையில் இருந்த எழுத்துகள் மெழுகுக்கு அடியில் அரைகுறையாகத் தெரியும்."

குழுவில் இருப்பவருக்கு அந்தச் சிறிய படத்தில் அது துணியா, காகிதமா என்று தெரியாது. உங்கள் குறிப்பு சொல்ல வேண்டியது அதைத்தான். மனத்தின் ஆழத்தைப் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

கையால் வரைந்த மூல ஓவியம் விலை அதிகம் என்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அச்சுப் பிரதிகள் வைக்கலாமா? விதிகள் குழப்புகின்றன.
*– வாட்டர்கலர் வரைபவள்*

விதிகள் குழப்பவில்லை, 'பிரின்ட்' என்ற ஒரே சொல்லில் இரண்டு சரக்கை விற்றதால் வந்த குழப்பம் இது. நான் மரப்பலகையைச் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அழுத்தி எடுக்கிறேன். அந்த அச்சுதான் மூலம், அதற்கு முன்னால் வேறு ஓவியம் எதுவும் கிடையாது. முப்பது எடுத்தால் 1/30, 2/30 என்று பென்சிலால் எழுதிக் கையொப்பம் போடுவேன். நீங்கள் வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் அச்சடித்தால் அது பிரதி. தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஜிக்லே என்று அதற்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்தாலும் பிரதிதான்.

பிரதி விற்பதில் தப்பே இல்லை, வாடகை கொடுப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் சந்தைக்குச் சந்தை வரம்பு மாறும். சில இடங்களில் அறவே கூடாது. சில இடங்களில் சுவரில் மாட்டக் கூடாது, திறந்த பெட்டியில் அடுக்கி வைக்கலாம். விற்க விடும் இடங்களில் பெரும்பாலும் 'பிரதி' என்று எழுதி ஒட்ட வேண்டும். விண்ணப்பிக்கும்போதே விதியைப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் வருமானக் கணக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது. சந்தைக்குப் பிரதி ஆகாது என்றால், சிறிய மூல ஓவியங்கள் ஒரு டஜன் வரைந்து எடுத்துப் போங்கள். உள்ளங்கை அளவு ஓவியத்துக்கு எப்போதும் ஆள் உண்டு.

பிரபல நடிகர்களின் படங்களை அச்சு அசலாக வரைவேன். கூட்டம் கூடும். ஏன் தேர்வு செய்ய மறுக்கிறார்கள்?
*– ரசிகர்*

நீங்கள் பார்த்து வரைந்த புகைப்படம் இன்னொருவருடையது. அதற்குப் பதிப்புரிமை உண்டு, பென்சிலால் வரைந்ததால் அது உங்களுடையதாகிவிடாது. அந்த முகத்தை வைத்து விற்கும் உரிமையும் பல நாடுகளில் அந்த நடிகருக்கே. அமைப்பாளர் வழக்குக்குப் பயப்படுகிறார். கை நன்றாக ஓடுகிறது என்கிறீர்களே, எதிரே ஆளை உட்காரவைத்து வரையுங்கள்.

மனைவி வரைகிறார், நான் சுமக்கிறேன். கூடாரத்துக்கு 'போதிய எடை' வைப்போம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போதிய என்றால் எவ்வளவு?
*– சுமைதூக்கி*

வாருங்கள் ஐயா, கேள்வி என்றால் இது கேள்வி.

பல சந்தைகள் காலுக்குக் குறைந்தது 40 பவுண்டு, அதாவது 18 கிலோ என்று கேட்கும். ஏன் என்று கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, நேர் எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 12 கிலோ எடையின் விசையோடு தள்ளும். உங்கள் பின்சுவர் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்றால் ஆறு சதுர மீட்டர். எழுபது கிலோவுக்கு மேல் ஆகிவிட்டதா? வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. நான்கு காலுக்கும் சேர்த்து 72 கிலோ வைப்பது, பலமான காற்று ஒன்றைத் தாங்குவதற்குச் சரியாக இருக்கும், புயலுக்கு அல்ல. நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே வைப்பேன்.

எதை வைப்பது? தண்ணீர்க் கேன் பார்க்க அசிங்கம், அதோடு லிட்டருக்கு ஒரு கிலோதான், இடத்தை அடைக்கும். செங்கல் வேண்டவே வேண்டாம், கால் இடறும். நான் பார்த்ததில் நல்லது பிவிசி குழாய். நான்கு அங்குல விட்டம், ஒரு மீட்டர் நீளம், அடியில் மூடி, உள்ளே கான்கிரீட், மேலே ஒரு கொக்கி. ஒன்று ஏறக்குறைய 18, 19 கிலோ வரும். வெள்ளை பெயின்ட் அடித்துக் கூடாரக் காலோடு ஒட்டி நிறுத்தினால் இருப்பதே தெரியாது. கொக்கியில் இருந்து கயிற்றைக் கூரையின் மூலைக்கு இழுத்துக் கட்டுங்கள், குழாயின் அடியையும் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். அடியைக் கட்டாமல் தொங்கவிட்டால், காற்றில் அது ஆட ஆரம்பித்து, பக்கத்துக் கடை மண்கலங்களை ஒரு கை பார்த்துவிடும்.

முளை அடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தார்ச்சாலையில் முடியாது. புல்வெளியிலும் பல இடங்களில் தடை, மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் ஓடும். காற்று ஏறுகிறது என்று தெரிந்தால் முதலில் பக்கச் சுவர்த் துணிகளைக் கழற்றுங்கள். சுவர் மூடிய கூடாரம் கிட்டத்தட்டப் பாய்மரம்.

இரண்டு நாள் வெயிலில் மாட்டினால் நிறம் போய்விடாதா? வாங்குபவர் கேட்டால் என்ன சொல்வது?
*– பயந்தவள்*

இரண்டு நாளில் போய்விடும் நிறம் வாங்கியவர் வீட்டுச் சுவரிலும் போகத்தான் போகிறது. கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி அல்ல, வண்ணக் குழாயைப் பற்றி. வான்கோ 1888-ல் வரைந்த படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாக இருக்கின்றன. அவர் பூசியது ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு மங்கிப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

குழாயின் மேல் ஒளிதாங்கும் தரம் அச்சிட்டிருக்கும். ஏஎஸ்டிஎம் (ASTM) என்ற தர நிர்ணய அமைப்பின் அளவில் I, II என்றால் வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பழைய அடர்சிவப்பு வேண்டாம், அதன் இடத்தில் குவினக்ரிடோன் வகைச் சிவப்புகள் கிடைக்கின்றன. ஒளிரும் இளஞ்சிவப்புகள் பார்க்க ஆசையாக இருக்கும், முதலில் ஓடிப்போவது அவைதான். நம்பிக்கை இல்லையென்றால், ஒரு தாளில் எல்லா நிறத்தையும் பட்டையாக அடித்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் விடுங்கள். அந்தத் தாளைக் கடையிலேயே வைத்துக்கொண்டால் கேட்பவருக்கு எடுத்துக் காட்டலாம். அதைவிட நல்ல பதில் கிடையாது.

இன்னொன்று. கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போடுவது சுமக்கும் கணவருக்கு நல்லது, ஆனால் பாஸ்டல் (பொடி உதிரும் வண்ணக் குச்சி) ஓவியத்துக்கு வேண்டாம். தகட்டைத் துடைக்கும்போது மின்னூட்டம் ஏறிப் பாஸ்டல் பொடியை உறிஞ்சி எடுத்துவிடும்.

விண்ணப்பக் கட்டணம் கட்டினேன், தேர்வாகவில்லை, பணமும் திரும்பவில்லை. இது ஏமாற்றா?
*– நொந்தவர்*

இல்லை. விண்ணப்பக் கட்டணம் வேறு, கடைக் கட்டணம் வேறு. முதலாவது குழு பார்ப்பதற்கு, திரும்பாது. இரண்டாவது தேர்வான பிறகு கட்டுவது.

ஏமாற்று வேறு விதமாக வரும். சமூக வலைத்தளத்தில், உண்மையான ஒரு சந்தையின் பெயரில், 'இன்னும் சில கடைகளே பாக்கி' என்று ஒருவர் செய்தி அனுப்புவார். படமே கேட்க மாட்டார், கடைக் கட்டணத்தை நேரடியாகத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். ஓவியத்தைப் பார்க்காமல் இடம் கொடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். சந்தையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

தேர்வாகாததைப் பற்றி: உங்கள் பிரிவில் எத்தனை இடம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று பணிவாக எழுதிக் கேட்கலாம், சிலர் மதிப்பெண்ணும் சொல்வார்கள். நகைப் பிரிவில் எப்போதும் நெரிசல். குழு பெரும்பாலும் ஆண்டுதோறும் மாறும். அதே படங்களை அடுத்த ஆண்டு அனுப்பித் தேர்வானவர்களை எனக்குத் தெரியும்.

கேலரியில் வைக்க வேண்டியவற்றைத் தெருவில் வைத்தால் மதிப்புக் குறையாதா?
*– கௌரவம் பார்ப்பவர்*

1931-ல் பொருளாதார மந்தத்தில் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், வாடகைக்கு வழியில்லாமல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தன் ஓவியங்களை நடைபாதையில் வைத்து விற்றார் என்று சொல்வார்கள். அவரைப் போலவே பிறகு புகழ் பெற்ற ஓவியர் டி கூனிங்கும் சேர்ந்துகொண்டாராம். அது பிறகு ஆண்டுதோறும் நடக்கும் திறந்தவெளிக் கண்காட்சியாகவே ஆனது. அவர்கள் மதிப்புக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

மதிப்பைக் குறைப்பது வேறு. ஒரே ஓவியத்துக்குக் கேலரியில் ஒரு விலை, சந்தையில் குறைந்த விலை என்று வைக்காதீர்கள். கேலரியோடு ஒப்பந்தம் இருந்தால் வெளியே விற்கலாமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மழை பெய்தால்?
*– ஒரு வரிக் கடிதம்*

சந்தை நடக்கும். மழையோ வெயிலோ நடக்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருப்பார்கள், நீங்கள் அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆகவே கடைக் கட்டணமும் திரும்பாது. பெரிய பாலித்தீன் உறைகள், பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கிவைக்க நான்கு பலகைகள், கூரையில் தேங்கும் தண்ணீரை உள்ளிருந்து தள்ள ஒரு துடைப்பக் கழி. வாங்கியவருக்குக் கொடுக்க உறை தனியாக எண்ணி வையுங்கள், அது தீர்ந்துபோனால் மழையில் விற்பனை நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கூடாரத் துணியை விரித்துக் காயப் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைப் படம் எடுக்கும்போது வெள்ளைக் கூரையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும்.